அட்மிரல் சோமர்வில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் வரலாறு படிப்பித்த காலத்திலிருந்தே 1942 ஏப்ரலில் ஜப்பானியர் நடத்திய குண்டுவீச்சைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், மட்டக்களப்புக் கடலுக்கடியில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், விடுமுறைக்கு ஊருக்கு வந்த உறவுகள், சென்னையிலிருந்து எழுதும் நண்பர்கள். எங்கே தொடங்கினாலும் பேச்சு ஒரு மனிதரில் போய் நிற்கும். அப்போது பிரித்தானியரின் கீழைக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் சோமர்வில்தான் அவர். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டுப் பதில்களை எழுதி வைக்கிறேன்.

1. சேர், முதல்ல இந்த சோமர்வில் எண்டவர் ஆர்?

1882 ஜூலை 17 அன்று இங்கிலாந்தின் வெய்பிரிட்ஜ் என்ற ஊரில் பிறந்தவர். 1897இல், பதினைந்து வயதுகூட நிரம்பாத நிலையில், பிரிட்டானியா பயிற்சிக் கப்பலில் கடேற்றாகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் பிரித்தானியக் கடற்படை அதிகாரி என்றால் பதின்ம வயதிலேயே கப்பலுக்குப் போய்விட வேண்டும். அதன்பிறகு வீடு, பள்ளிக்கூடம், ஊர் எல்லாம் கடற்படைதான்.

இரண்டு உலகப் போர்களிலும் பணியாற்றினார். இரண்டாவது போரில்தான் பெயர் வெளியே தெரிந்தது. முதலில் ஜிப்ரால்டரைத் தளமாகக் கொண்ட ‘எச்’ படை, பிறகு இந்து சமுத்திரத்தில் கீழைக் கடற்படை. 1945இல் கடற்படையின் மிக உயர்ந்த பதவியான ‘அட்மிரல் ஆஃப் தி ஃபிளீட்’ கிடைத்தது. 1949 மார்ச் 19 அன்று இறந்தார்.

2. முதலாம் உலகப் போரில என்ன செய்தவர்? அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

கதைக்காததற்குக் காரணம் இருக்கிறது. அவர் பீரங்கிக்காரர் இல்லை, வயர்லெஸ்காரர். மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டிச் செய்தி அனுப்பியதே 1901இல்தான். அதற்குச் சில வருடங்களுக்குள் இளம் அதிகாரியான சோமர்வில் அந்தப் புதுக் கருவியைத் தன் தனித்துறையாக எடுத்துக்கொண்டார். போரில் துருக்கியின் கலிப்போலிப் பக்கம், தார்தனெல்ஸ் நீரிணைச் சண்டையில், கப்பல்களுக்கிடையிலான வயர்லெஸ் தொடர்பைக் கவனித்தார். அந்தப் பணிக்காக டி.எஸ்.ஓ. பதக்கம் பெற்றார்.

இதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. பெரிய பீரங்கியை நம்பி வளர்ந்த அவருடைய தலைமுறை அட்மிரல்களில் பலருக்கு விமானமும் ராடாரும் பிடிபட நாளானது. கண்ணுக்குத் தெரியாத அலைகளோடு பழகி வளர்ந்த இவருக்கு அவை அந்நியமாக இல்லை. ‘எச்’ படையில் இருந்தபோது விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்களில் தானே ஏறிப் பறந்து, விமானிகளின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

3. இவர் காசநோய் வந்து ஓய்வில போனவர் எண்டு வாசிச்சன். அப்ப எப்பிடிச் சண்டைக்கு வந்தவர்?

உண்மைதான். இன்னொரு விஷயம், எங்கள் ஊருக்கு அவர் 1942இல் முதன்முறை வரவில்லை. 1938இல் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியாக நியமிக்கப்பட்டார். அந்தப் பிரிவின் தளம் திருகோணமலை. 1939இல் நுரையீரல் காசநோய் என்று சந்தேகித்து மருத்துவர்கள் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். வெளி மருத்துவர்கள் உடம்பில் பிழையில்லை என்று சொல்லியும் கடற்படை கேட்கவில்லை. ஓய்வுப் பட்டியலில் போட்டுவிட்டது.

அதே வருடம் போர் தொடங்கியது. சும்மா இருக்கப் பிடிக்காமல் லண்டன் தலைமையகத்துக்குப் போய், கப்பல்களுக்கு ராடார் பொருத்தும் வேலையிலும் விமான எதிர்ப்பு ஆயுத வேலையிலும் இறங்கினார். 1940 மே இறுதியில் டன்கிர்க் கரையிலிருந்து படைகளைக் கப்பலேற்றும் வேலையை டோவரில் பேர்ட்ராம் ராம்சே நடத்திக்கொண்டிருந்தார். சோமர்வில் தானாகவே போய் அவருக்குத் தோள் கொடுத்தார். 3,38,000க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்ட வேலை அது. இரவுகளில் ராம்சே கொஞ்சம் கண்ணயர, இவர் பொறுப்பைப் பார்த்தார்.

1944இல்தான் அவர் பெயர் மீண்டும் செயற்பட்டியலில் ஏறியது. அதாவது கீழே வரும் சண்டைகளில் பெரும்பாலானவற்றை அவர் நடத்தியது காகிதத்தில் ஓய்வுபெற்ற மனிதராக.

4. பிரெஞ்சுக் கப்பல்களை இவர்தானே சுட்டவர்? அவங்கள் கூட்டாளிகள் இல்லையா?

கூட்டாளிகள்தான், இரண்டு கிழமைக்கு முன்பு வரை. 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் சரணடைந்தது. பிரெஞ்சுக் கடற்படை ஹிட்லர் கைக்குப் போய்விடும் என்று சர்ச்சில் அஞ்சினார். அல்ஜீரியாவில் ஓரானுக்குப் பக்கத்திலிருந்த மெர்ஸ்-எல்-கெபீர் துறைமுகத்தில் டன்கெர்க், ஸ்திராஸ்பூர், பிரெத்தாஞ், புரோவான்ஸ் ஆகிய பெரிய கப்பல்கள் நின்றன. புதிதாக அமைத்த ‘எச்’ படையுடன் சோமர்வில் அங்கே அனுப்பப்பட்டார். பிரெஞ்சுக்காரர் முன் வைத்த தெரிவுகள் இவை: எங்களோடு சேர்ந்து போரிடுங்கள், அல்லது குறைந்த ஆட்களோடு பிரித்தானியத் துறைமுகத்துக்கு வாருங்கள், அல்லது மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் ஆயுதம் களையுங்கள், அதுவும் முடியாவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் நீங்களே மூழ்கடித்துவிடுங்கள். ஒன்றுக்கும் உடன்படாவிட்டால் சுட வேண்டும் என்பது உத்தரவு.

சோமர்வில்லுக்கு இதில் கொஞ்சமும் விருப்பம் இல்லை. சுடுவதை எப்படியாவது தவிர்க்க வேண்டும் என்று முதலிலேயே லண்டனுக்குச் செய்தி அனுப்பினார். லண்டன் அசையவில்லை. ஜூலை 3 காலை, பிரெஞ்சு மொழி நன்றாகத் தெரிந்த கப்டன் ஹொலண்டைப் பேச அனுப்பினார். பிரெஞ்சு அட்மிரல் ஜான்சூல் முதலில் அவரைச் சந்திக்கவே மறுத்தார். பகல் முழுவதும் சோமர்வில் கெடுவைத் தள்ளித் தள்ளிப் போட்டார். மாலையில், பிரெஞ்சு உதவிக் கப்பல்கள் வருவதற்குள் முடித்துவிடச் சொல்லி லண்டன் நெருக்கியது. 5.54க்குச் சுட ஆரம்பித்தார்கள். பத்து நிமிடம்தான். பிரெத்தாஞ் வெடித்துக் கவிழ்ந்தது, அந்த ஒரு கப்பலில் மட்டும் 977 பேர் போனார்கள். ஸ்திராஸ்பூர் தப்பி துலோனுக்கு ஓடியது. மூன்று நாள் கழித்து நடந்த விமானத் தாக்குதலையும் சேர்த்து இறந்த பிரெஞ்சுக்காரர் 1,297 பேர்.

5. அந்தச் சூடு தேவையா? நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?

சோமர்வில் என்ன நினைத்தார் என்பதை முதலில் சொல்கிறேன். இது நம் காலத்தின் மிகப் பெரிய அரசியல் தவறு, உலகமே நமக்கு எதிராகத் திரும்பும் என்று மனைவிக்கு எழுதினார். வெட்கமாக இருக்கிறது என்றும் எழுதினார். கட்டளையை நிறைவேற்றிய மனிதர் எழுதியது இது.

1942 நவம்பரில் ஜெர்மன் படை துலோனுக்குள் நுழைந்தபோது பிரெஞ்சுக் கடற்படையினர் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள். ஜெர்மானியர் கைக்குக் கப்பல்களைப் போக விடமாட்டோம் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள். அதைப் பார்த்தால் மெர்ஸ்-எல்-கெபீர் வீண் கொலை என்றே படும். மறுபக்கம், பிரித்தானியா சண்டையை விடப் போவதில்லை என்பதை அமெரிக்கா அன்று புரிந்துகொண்டது என்றும் பலர் வாதிடுகிறார்கள். என் மனம் முதல் பக்கமே நிற்கிறது. அந்த 1,297 பேரும் ஜெர்மானியரோடு சேர நினைத்தவர்கள் இல்லை.

6. பயந்து திரும்பினவர் எண்டு இவருக்கு விசாரணை வைச்சவங்களாமே?

விசாரணை நடந்தது, முடிவு அவருக்குச் சார்பாக வந்தது. 1940 நவம்பர் 27, சார்டினியாவுக்குத் தெற்கே ஸ்பார்டிவென்டோ முனை. கிழக்கே போகும் சரக்குக் கப்பல் அணி ஒன்றைக் காத்துப் போய்க்கொண்டிருந்த சோமர்வில், இத்தாலியரின் இரண்டு பெரிய போர்க்கப்பல்களோடு மோதினார். சிறிது நேரத்தில் இத்தாலியர் விலகி ஓடத் தொடங்கினார்கள். சோமர்வில் துரத்திப் பார்த்து, எட்டாது என்று தெரிந்ததும் தன் காவலில் இருந்த கப்பல்களிடம் திரும்பினார்.

லண்டனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஜிப்ரால்டருக்கு வந்து சேர்வதற்குள்ளேயே லார்ட் கோர்க் தலைமையில் விசாரணைக் குழு புறப்பட்டுவிட்டது. குழு ஆராய்ந்து, அவர் செய்ததே சரி என்றது. அவர் வேலை சரக்குக் கப்பல்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது. சேர்த்தார். இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 10ஆம் கேள்விக்கு வரும்போது உதவும்.

7. பிஸ்மார்க்கைத் தாட்டதும் இவரா?

தனியாக இல்லை. ஆனால் இவருடைய ‘எச்’ படை இல்லாவிட்டால் அது தப்பியிருக்கும். 1941 மே மாதம் ஹூட் என்ற பிரித்தானியக் கப்பலை வெடிக்க வைத்துவிட்டு, ஜெர்மன் போர்க்கப்பலான பிஸ்மார்க் பிரான்ஸ் கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதே ஹூட்தான் மெர்ஸ்-எல்-கெபீரில் சோமர்வில்லின் கொடிக்கப்பல். ஜிப்ரால்டரிலிருந்து ரெனவுன், ஆர்க் ராயல், ஷெஃபீல்ட் ஆகிய கப்பல்களோடு அவர் வடக்கே விரைந்தார்.

மே 26 பின்னேரம் ஆர்க் ராயலில் இருந்து கிளம்பிய சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் ஆளை மாற்றித் தங்களுடைய ஷெஃபீல்டையே தாக்கின! நல்லவேளை, பல டார்பிடோக்கள் தண்ணீரைத் தொட்டதுமே வெடித்துவிட்டன, மற்றவற்றிலிருந்து ஷெஃபீல்ட் விலகிக்கொண்டது. அதனால்தான் டார்பிடோவின் காந்த விசையில் கோளாறு இருப்பது தெரிந்தது. மோதினால் வெடிக்கும் பழைய வகை விசையை மாற்றிக்கொண்டு இரண்டாம் தரம் 15 விமானங்கள் போயின. ஒரு டார்பிடோ சுக்கானில் பட்டது. அதன்பிறகு பிஸ்மார்க்கால் வட்டமடிக்கத்தான் முடிந்தது. மறுநாள் மற்றப் பெரிய கப்பல்கள் வந்து முடித்தன.

8. இத்தாலியில கோயிலுக்குள்ள வெடிக்காத குண்டு ஒண்டு வைச்சிருக்காங்கள், அது இவர்ர கப்பல் சுட்டதா?

ஆம். 1941 பெப்ரவரி 9 அன்று ஜெனோவா நகரத்தை ‘எச்’ படை கடலில் இருந்து சுட்டது. ஒரு பெரிய குண்டு சான் லொரென்சோ பேராலயத்துக்குள் விழுந்து வெடிக்காமல் கிடந்தது. இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது. நகரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் அன்று இறந்தார்கள்.

9. மத்தியதரைக் கடல்ல நிண்டவரை ஏன் இஞ்ச அனுப்பினவங்கள்?

1941 டிசம்பர் 10 அன்று மலாயாக் கரைக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய இரண்டு பெரிய கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. தளபதி டொம் பிலிப்ஸும் இறந்தார். 1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அடுத்து இலங்கை என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இலங்கை போனால் இந்தியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் போகிற கடற்பாதையே போச்சு. விமானந்தாங்கிக் கப்பலை வைத்துச் சண்டை பிடித்துப் பழகிய அட்மிரல்கள் பிரித்தானியாவிடம் அதிகம் இல்லை. சோமர்வில்லைக் கூப்பிட்டார்கள். மார்ச் கடைசிக் கிழமை கொழும்பில் பொறுப்பேற்றார். தாக்குதலுக்கு இன்னும் ஏறக்குறைய பத்து நாள்தான் இருந்தது.

10. ஐந்து பெரிய போர்க்கப்பல், மூன்று விமானந்தாங்கிக் கப்பல் வைச்சுக்கொண்டு எங்களை விட்டிட்டு ஏன் ஓடினவர்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, கோபத்தோடும் வருகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நியாயமான கோபம். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். ஐந்தில் வோர்ஸ்பைட் ஒன்றுதான் புதுப்பிக்கப்பட்டது. ரிசொல்யூஷன், ராமிலீஸ், ரோயல் சொவரின், ரிவெஞ்ச் ஆகிய நான்கும் முதலாம் உலகப் போர்க் காலத்துக் கப்பல்கள். மெதுவாக ஓடும், குடிதண்ணீர் சீக்கிரம் தீரும், எரிபொருளும் அப்படித்தான். மூன்று விமானந்தாங்கிகளிலும் சேர்த்து ஏறக்குறைய நூறு விமானம். எதிரே வந்தது பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே ஜப்பானியத் தளபதி நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு, ஏறக்குறைய முந்நூறு விமானங்களோடு, அனுபவப்பட்ட விமானிகளோடு.

அவர் முதலில் ஓடவில்லை, காத்திருந்தார். ஏப்ரல் 1 வாக்கில் தாக்குதல் வரும் என்று உளவுத் தகவல் கிடைத்திருந்தது. மார்ச் 31 தொடக்கம் ஏப்ரல் 2 வரை இலங்கைக்குத் தெற்கே சுற்றிச் சுற்றி நின்றார். பகலில் ஜப்பானிய விமானங்களுக்கு எட்டாத தூரத்தில் இருப்பது, இரவில் நெருங்கி ராடார் பொருத்திய டார்பிடோ விமானங்களால் அடிப்பது. இதுதான் திட்டம். ஜப்பானியரிடம் கப்பல் ராடார் இல்லை. வயர்லெஸ் படித்த மனிதரின் மூளையில் வரக்கூடிய திட்டம் அது. ஆனால் எதிரி வரவில்லை. தண்ணீர் தீர்ந்தது. இலங்கையிலிருந்து சுமார் 600 மைல் தென்மேற்கே, மாலைதீவின் தென்கோடியில், இரகசியமாக அமைத்த அட்டூ பவளத்தீவுத் தளத்துக்குப் போனார். அங்கே சேர்ந்த அன்று பின்னேரம்தான் எதிரி கண்ணில் பட்டான்.

செய்தி வந்ததும் தண்ணீர் நிரப்பி முடிந்த கப்பல்களை எடுத்துக்கொண்டு இலங்கைப் பக்கம் கிளம்பினார். 5ஆம் தேதி இரவு தேடினார், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால்? பகல் வெளிச்சத்தில் நகுமோ அவரைக் கண்டிருந்தால் அந்தக் கடற்படையில் பாதி மிஞ்சியிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். 6ஆம் கேள்வியில் பார்த்த அதே மனிதர்தான் இவர். எது தன் வேலை, எது தன் ஆசை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர். கடற்படை இல்லாமல் போனால் இலங்கையைக் காக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

11. கனடாக்காரர் ஒருத்தர் விமானத்தில போய் முதலே பார்த்துச் சொன்னவராமே. பிறகும் ஏன் கொழும்பு அடிபட்டது?

லியனார்ட் பேர்ச்சல். ஏப்ரல் 4 பின்னேரம், காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலை வாவியிலிருந்து கிளம்பிய அவருடைய கட்டலினா கடல்விமானம், இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானியக் கப்பல்களைக் கண்டது. செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிர் பிழைத்துக் கைதியானார்கள். பேர்ச்சல் போர் முடியும்வரை ஜப்பானிய முகாம்களில் கிடந்தார்.

அவர் செய்தி வீண் போகவில்லை. துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பல இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டன. ஆனால் மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, ராடார் எச்சரிக்கை கிடைக்காததால் இரத்மலானையில் போர் விமானங்கள் தரையில் நிற்கும்போதே ஜப்பானியர் தலைக்கு மேல் வந்துவிட்டார்கள். கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை விமான ஓடுபாதையாக மாற்றியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. அங்கிருந்து எழும்பிய ஹரிக்கேன்கள் கொஞ்சம் எதிர்த்து நின்றன. துறைமுகத்தில் டெனெடோஸ் என்ற நாசகாரியும் ஹெக்டர் என்ற ஆயுதம் பூட்டிய வணிகக் கப்பலும் மூழ்கின.

12. இரண்டு குரூசர் தாண்டதுக்கு இவர்தான் காரணமெண்டு சொல்லுறாங்கள். சரியா?

என் கருத்தில், இது அவர் பிழைதான். எதிரி வராததைக் கண்டு, தகவல் பிழை அல்லது திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார். டோர்செட்ஷயர் என்ற குரூசரை இடையில் நின்ற திருத்த வேலைக்காகக் கொழும்புக்கும், கோர்ன்வால் என்ற மற்றக் குரூசரை வேறு காவல் வேலைக்காகவும், ஹெர்மிஸைத் திருகோணமலைக்கும் பிரித்து அனுப்பினார். கொழும்பிலிருந்து மீண்டும் அவரோடு சேர ஓடிவந்த இரண்டு குரூசர்களையும் 5ஆம் தேதி பிற்பகல் ஜப்பானிய விமானங்கள் கண்டுவிட்டன. சில நிமிடங்களில் இரண்டும் மூழ்கின. 424 பேர் இறந்தார்கள். மிச்சம் 1,122 பேர் மறுநாள் மாலை வரை, காயத்தோடும் எண்ணெய் படிந்த தண்ணீரோடும், வெயிலில் மிதந்து கிடந்தார்கள். என்டர்பிரைஸ் குரூசரும் இரண்டு நாசகாரிகளும் போய் அவர்களைத் தூக்கின.

13. ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல்தானே, அதில ஏன் ஒரு விமானமும் இருக்கேல்ல?

அதன் விமானங்கள் சீனக்குடாவில் கரையில் நின்றன. ஏப்ரல் 8 பின்னேரம் ஜப்பானியர் திருகோணமலைப் பக்கம் வருவது தெரிந்ததும், ஹெர்மிஸும் அதற்குத் துணையாக அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் இரவில் தெற்கே அனுப்பப்பட்டன. துறைமுகத்தில் நின்றால் அடிபடும் என்பதால், கரையை ஒட்டித் தள்ளி நிற்கட்டும் என்ற எண்ணம். 9ஆம் தேதி காலை திருகோணமலையில் ராடார் எதிரியை முன்கூட்டியே கண்டது, விமானங்கள் எழும்பின, இருந்தாலும் சேதம் பெரிது. ஜப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கியில் விழுந்து அது நாள்கணக்கில் எரிந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மட்டக்களப்புக்கு நேரே ஜப்பானிய வேவு விமானம் ஹெர்மிஸைக் கண்டது. கப்பல் திருகோணமலைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தபோது ஏறக்குறைய 85 குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. கப்டன் ஒன்ஸ்லோவோடு 307 பேர் இறந்தார்கள். வம்பயரும் போனது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்ததால் அறுநூறு பேரளவில் தப்பினார்கள். உதவிக்கு அனுப்பிய போர் விமானங்கள் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. இன்று அது ஐம்பது மீட்டருக்கும் மேலான ஆழத்தில் கிடக்கிறது. பழக்கமில்லாதவர்கள் இறங்கவே கூடாது.

14. மெட்ராஸ்ல ஜனங்க ஊரைக் காலி பண்ணிட்டுப் போனது இதனாலதானா? எம்டன் குண்டு போட்டதும் அப்பத்தானே?

முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னையைச் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவு, முதலாம் உலகப் போரில். 1942இல் நடந்தது வேறு. நகுமோ இலங்கையைத் தாக்கிய அதே நாட்களில் ஒசாவா தலைமையில் இன்னொரு ஜப்பானிய அணி வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை வேட்டையாடியது. இருபதுக்கும் மேல் போயின. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று பரவிய பயத்தில் ஏராளமானோர் ஊரை விட்டுப் போனார்கள், அரசு அலுவலகங்கள் பல உள்மாவட்டங்களுக்கு மாறின. விரிகுடாவைக் காக்கும் நிலையில் சோமர்வில் அப்போது இல்லை. பழைய கப்பல்களைக் கென்யாவின் கிலிந்தினிக்கு அனுப்பிவிட்டார்.

15. பிறகேன் ஜப்பான்காரன் திரும்பி வரேல்ல? இவருக்குப் பயந்தா?

அப்படிச் சொல்ல முடியாது. ஜப்பானுக்குப் பசிபிக்கில் வேலை இருந்தது. நகுமோ வந்த நோக்கம் கீழைக் கடற்படையைத் துறைமுகத்திலேயே முடிப்பது. பேர்ல் ஹார்பர் மாதிரி. அது நடக்கவில்லை, ஏனென்றால் 10ஆம் கேள்வியில் சொன்னபடி கடற்படை துறைமுகத்தில் இல்லை. இரண்டு மாதம் கழித்து, 1942 ஜூனில், மிட்வேயில் அமெரிக்கர் மூழ்கடித்த நான்கு விமானந்தாங்கிகளில் அக்காகி, சொர்யூ, ஹிர்யூ மூன்றும் ஏப்ரலில் இலங்கைக்கு வந்தவை. அதற்குப்பின் ஜப்பான் அவ்வளவு பெரிய படையோடு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

16. கடைசியில திருப்பி அடிச்சவரா, இல்லாட்டி அப்பிடியே விட்டிட்டாரா?

இரண்டு வருடம் காத்திருந்தார். கப்பல்களையெல்லாம் வேறு போர்முனைகளுக்குக் கழற்றிக்கொண்டு போனதால் 1943 முழுக்க அவர் கையில் அதிகம் இல்லை. 1944 தொடக்கத்தில் புதுக் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்தன. ஏப்ரல் 19 அன்று, இலஸ்ட்ரியஸ், அமெரிக்கரின் சரட்டோகா என்ற இரண்டு விமானந்தாங்கிகளோடு போய், சுமாத்திராவின் வடமுனையிலுள்ள சபாங் துறைமுகத்தைத் தாக்கினார். எதிரி கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. மே 17 அன்று ஜாவாவின் சுரபாயா. ஜூலை 25 மீண்டும் சபாங், இந்தமுறை பெரிய கப்பல்களே நெருங்கிப் போய்ச் சுட்டன.

எனக்கு இதில் நெஞ்சைத் தொடும் விஷயம் வேறு. அந்த அணியில் ரிஷெலியூ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலும் இருந்தது. 1940 ஜூலை 8 அன்று, மெர்ஸ்-எல்-கெபீருக்கு ஐந்து நாள் கழித்து, டக்கார் துறைமுகத்தில் அதை டார்பிடோவால் அடித்தது பிரித்தானிய விமானங்கள். அந்த விமானங்கள் கிளம்பியது ஹெர்மிஸிலிருந்து. அடித்த கப்பல் மட்டக்களப்புக் கடலுக்கடியில். அடிபட்ட கப்பல் திருகோணமலையில், சோமர்வில்லின் கட்டளைக்குக் கீழே, அவர் பக்கம் நின்று சண்டை பிடிக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் பிரெஞ்சுக் கப்பல்களைச் சுடச் சொன்ன அதே மனிதர். 4ஆம் கேள்வியை வாசித்தவர்களுக்கு அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

17. மவுண்ட்பேட்டனோட சண்டை பிடிச்சுத்தான் இவரை மாத்தினவங்கள் எண்டது உண்மையா?

உரசல் உண்மை. மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியாவின் உச்சத் தளபதி, 1944இல் தலைமையகத்தைக் கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைக்குக் கொண்டுவந்தார். பிறந்தது 1900இல், சோமர்வில்லைவிடப் பதினெட்டு வயது இளையவர். கடற்படையில் அவருடைய நிலையான பதவி அப்போதும் கப்டன்தான், அட்மிரல் என்பது தற்காலிகமாகக் கொடுத்தது. கடற்படை முழுதும் தனக்குக் கீழே என்று மவுண்ட்பேட்டன் நினைத்தார். இந்து சமுத்திரப் பாதுகாப்புக்கு நான் லண்டனுக்கே பதில் சொல்வேன் என்பது சோமர்வில்லின் நிலை. பதவிகளை வகுத்த விதத்திலேயே குழப்பம் இருந்ததால், ஒருவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

1944 ஓகஸ்டில் புரூஸ் ஃபிரேசர் பொறுப்பேற்றார். சோமர்வில் பிரித்தானியக் கடற்படைத் தூதுக்குழுவின் தலைவராக வாஷிங்டன் போனார். அமெரிக்கக் கடற்படைத் தளபதி எர்னஸ்ட் கிங் பிரித்தானியரோடு எளிதில் ஒத்துப்போகாதவர். அவரிடம் சோமர்வில் நேருக்கு நேர் பேசிக் காரியம் பார்த்தார்.

18. ஆள் நல்ல பகிடிக்காரராமே?

அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். பச்சையான பகிடிகளுக்குப் பேர்போனவர். மாலுமிகள் அதனாலேயே அவரை நேசித்தார்கள். காலையில் சின்ன வள்ளத்தில் தனியாகத் துடுப்புப் போட்டுத் துறைமுகத்தைச் சுற்றுவார். 1939இல் சேர் பட்டம் பெற்றவருக்கு 1941இல் வேறொரு வரிசையில் இரண்டாம் முறையும் அதே தகுதி கிடைத்தது. மத்தியதரைக் கடலின் மறுகோடியில் இருந்த நண்பர் அட்மிரல் கன்னிங்ஹாம், இந்த வயதில் இரண்டு தரமா என்று செய்தி அனுப்பினார். ஆங்கிலத்தில் சேர் பட்டக்காரரையும் இரவையும் குறிக்கும் சொற்கள் காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் பகிடி விளங்கும்.

19. அந்த ஆக்களுக்கு இஞ்ச எங்க போய் ஒரு பூ வைக்கலாம்?

சோமர்வில் இங்கே இல்லை. சொமர்செட்டில் வெல்ஸ் நகருக்குப் பக்கத்திலுள்ள டிண்டர் என்ற குடும்ப வீட்டில், 66ஆவது வயதில் இறந்தார். திருகோணமலையில் நிலாவெளி வீதியில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, கொழும்பில் லிவரமெண்டு கல்லறையிலும் போர்க்காலப் புதைகுழிகள் இருக்கின்றன. கடலோடு போன பிரித்தானிய மாலுமிகளுக்குப் புதைகுழி இல்லை. அவர்களுடைய பெயர்கள் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத், பிளிமத், சாட்டம் ஆகிய துறைமுக நகரங்களின் நினைவுத் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நிலாவெளி வீதிக்குப் போகிறவர்கள் காலையில் போங்கள், வெயில் ஏறிவிட்டால் நிற்க முடியாது. என் மாணவர்கள் சிலர் ஏப்ரல் 9 அன்று கல்லடிக் கரைக்குப் போய்க் கடலில் பூ விட்டுவிட்டு வருவார்கள்.